வீரையா இறங்காத ஷிப்டு

ஒத்தப்பாறை எஸ்டேட் ஃபேக்டரி மூடப்பட்டு ஏழு மாதமும் நான்கு நாளும் ஆன ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்கு, அங்கே ஃபிட்டராக இருந்த வீரையாவின் நெஞ்சிலிருந்து இலை உருட்டும் ரோலர் ஓடும் சத்தம் வர ஆரம்பித்தது. அன்று பச்சைத் தேயிலை கிலோ நான்கரை ரூபாய்க்குப் போனது. பந்தலூர் பக்கத்தில் அந்த வருஷம் யார் வாயைத் திறந்தாலும் இரண்டாவது விஷயத்தைத்தான் பேசினார்கள் என்பதால், முதல் விஷயம் இன்னதென்று வெளியே தெரிய நான்கு நாள் ஆனது. பக்கத்து வீட்டுக் கருப்பம்மா தண்ணீர்ப் பைப்படியில் "எங்க வீரையா அண்ணனுக்கு நெஞ்சுக்குள்ள ஃபேக்டரி ஓடுது" என்று சொன்னபோது, வரிசையில் நின்ற பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டே எத்தனை ரோலர் என்று கேட்டார்கள். நாலும் ஓடுவதாகச் சொன்னாள். பிறகு தண்ணீர் வந்துவிட்டது, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

வீரையா இருபத்திரண்டு வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி வந்தவர். இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்து, உன் நாடு அதுதான் என்று காட்டப்பட்ட நாட்டுக்கு வந்து, முகாமில் இரண்டு மாதம் கிடந்து, லாரியில் இந்த மலைக்கு ஏற்றி அனுப்பப்பட்டவர். மற்றவர்கள் ஃபேக்டரி என்பதை அவர் கடைசிவரை ஸ்டோர் என்றுதான் சொன்னார். மனைவி சுப்பம்மா மஞ்சள் காமாலையில் போனபோது மகள் வனிதாவுக்கு நாலு வயது. ஆறு வயதில் வனிதாவுக்கு அம்மை போட்டது, இறங்கும்போது இரண்டு கண்ணையும் கொண்டு போய்விட்டது. ஆனால் பத்து வயதுக்குள் அந்தப் பெண் கைத்தடி இல்லாமல் எஸ்டேட் முழுக்க நடந்தாள். ஆட்களின் வரிசை வீடுகள் இருந்த லயத்திலிருந்து ரோடு ஒன்றரை மைல், நடுவில் ஓடை, ஓடைமேல் கைப்பிடி இல்லாத பாலம், இரண்டு இடத்தில் அட்டை கடிக்கும் சதுப்பு. ஒரு இடத்திலும் தடுமாற மாட்டாள். மாரியம்மன் கண்ணை எடுத்துக்கொண்டு வேறொன்றைக் கொடுத்திருக்கிறாள் என்று சொன்னவர்கள் உண்டு. அவளிடம் விபூதி வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. எங்கள் ஆட்களுக்கு எதையும் சாமி கணக்கில் சேர்த்துவிட்டால் நிம்மதி.

சாமி ஒன்றும் இல்லை. ஃபேக்டரி எஸ்டேட்டின் நட்டநடுவில் ஒரு மேட்டில் இருந்தது. பாதை அதைச் சுற்றி வளைந்து போனது. ரோலர்களின் உறுமல், டிரையர் காற்றாடியின் இரைச்சல், சல்லடையின் கடகடப்பு எல்லாம் சேர்ந்த ஒரே சத்தம் பகலெல்லாம் அந்த மேட்டிலிருந்து வந்துகொண்டே இருந்தது. காலையில் அதை இடது காதில் வைத்துக்கொண்டால் ரோடு, மாலையில் வலது காதில் வைத்துக்கொண்டால் வீடு. எஸ்டேட்டுக்குப் பெயர் கொடுத்த ஒத்தப்பாறைக்குப் பின்னால் போகும்போது சத்தம் மறையும், பதினாறு எட்டு வைத்ததும் திரும்ப வரும், அங்கே திரும்பினால் பாலம். நிழல்மரங்கள் நெருங்கினால் சல்லடைச் சத்தம் மட்டும் மங்கும். அது சதுப்புக்கு அடையாளம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, மறைத்ததும் இல்லை. எல்லோரும் அப்படித்தான் நடக்கிறார்கள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தாளாம். ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரிக்கு லீவு. அன்றைக்கு மட்டும் வனிதா வீட்டை விட்டு வெளியே வந்ததே இல்லை என்பதை இருபது வருஷத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை, பெற்ற தகப்பன் உட்பட.

ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் மூணு ரோடு சந்திப்பில் அவளுக்கு ஒரு எஸ்டிடி பூத் கிடைத்தது. மஞ்சள் பெட்டி, ஒரு ஸ்டூல், ஒரு போன். தேயிலை விலை விழ ஆரம்பித்து, பதினெட்டு ரூபாய் விற்ற பச்சை இலை பாதியாகி, பாதியும் பாதியாகி, ஆட்கள் குடும்பம் குடும்பமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பஸ் ஏறிய பிறகு, அந்த போன்தான் எஸ்டேட்டின் உயிர்நாடி ஆனது. திருப்பூரிலிருந்து போன் வரும். வனிதா கேட்டு மனதில் வாங்கிக்கொள்வாள். மாலையில் நடந்து வந்து லயம் லயமாகச் சேர்ப்பாள். இன்னாருக்கு செக்கிங் வேலை கிடைத்தது, இன்னாருக்குக் கையில் ஊசி ஏறிவிட்டது, இன்னார் பொங்கலுக்கு வரவில்லை, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பச் சொன்னார். ஒரு செய்தியையும் அவள் மாற்றிச் சொன்னதில்லை. புருஷனோ மகனோ தூரத்தில் இருக்கும் நாற்பது வீடுகள் மாலை ஆறு மணிக்கு வாசலில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இரண்டாயிரத்து ஒன்று சித்திரையில் ஒரு நாள் முற்பகல் பதினொரு மணிக்குக் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பன்னிரண்டு மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கினார்கள். அப்போது வனிதா பூத்தில் இருந்தாள். மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டுக் கிளம்பியவள், கொஞ்ச தூரம் வந்ததும் நின்றாள். கருப்பம்மா விறகு வெட்டித் திரும்பும்போது, அந்தப் பெண் பாதை நடுவில் இரண்டு கையையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். என்னா புள்ள, இங்க நிக்கிற என்று கேட்டதற்கு, "அத்தை, எனக்குக் கண்ணு தெரியல" என்று வனிதா சொன்னாள். கருப்பம்மாவுக்குச் சிரிப்பதா என்னவென்று தெரியவில்லை. கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டாள். அன்று நாற்பது வீட்டுக்கும் செய்தி போகவில்லை.

வீரையா அழவில்லை. மெஷின் நின்றால் ஃபிட்டர் அழ மாட்டான், ஸ்பேனரைத் தேடுவான். மகள் பழையபடி தனியாக நடக்க ஒரு வழி செய்துவிட்டுத்தான் திருப்பூர் போவது என்று முடிவெடுத்தார். ஒரு பனியன் கம்பெனியில் அவருக்கு வேலை தயாராக இருந்தது. ஒரு மாதம் பொறுக்கச் சொன்னார். கூடலூரில் ஊனமுற்றோர் முகாமில் கொடுத்த வெள்ளைத்தடி காலடியில் கல் இருக்கிறதா என்று சொன்னதே தவிர, மலையில் எந்த மூலையில் நிற்கிறாள் என்று சொல்லவில்லை. ஆகவே முன்காலத்தில் மேல்மலையிலிருந்து கொழுந்து மூட்டை இறக்கிய பழைய இரும்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுமந்து வந்து, லயத்திலிருந்து ரோடு வரைக்கும் இடுப்பு உயரத்தில் கட்டினார். திருப்பத்துக்கு ஒரு நட்டு, பாலத்துக்கு இரண்டு, சதுப்புக்கு மூன்று என்று கம்பியில் கோத்து முடுக்கினார். கையை வைத்துக்கொண்டு போனால் கம்பியே வழி சொல்லும். சத்தியமாக நல்ல வேலை. பத்தொன்பது நாள் நடந்தாள். இருபதாம் நாள் யானைகள் வந்து, கொடியில் காயும் துணியை இழுப்பதுபோல் அதை இழுத்துப் பார்த்துவிட்டு, பாதை முழுக்கச் சிக்கலாகப் போட்டுவிட்டுப் போயின. வனிதா அதில் தடுக்கி விழுந்து முன்பல் ஒன்று போனது.

அடுத்து டால்டா டப்பாக்களில் பேரிங் குண்டுகளைப் போட்டு சில்வர் ஓக் மரங்களில் கட்டித் தொங்கவிட்டார். ஒவ்வொரு டப்பாவுக்கும் வேறு வேறு எண்ணிக்கையில் குண்டு, வேறு வேறு சத்தம். ஆடிக்காற்றில் அறுபது டப்பாவும் ஒன்றாகக் குலுங்கின. எல்லோரும் ஒரே நேரத்தில் வழி சொன்னால் யார் பேச்சைக் கேட்பது என்று வனிதா கேட்டாள். பிறகு ஃபேக்டரி அடுப்பிலிருந்து கொட்டிய கசடைச் சுமந்து வந்து பாதையில் பரப்பினார். நொறுநொறுவென்று காலுக்குத் தெரியும் என்றார். தெரிந்தது. ஒரு வாரம் தேவாலா மழை பெய்து அத்தனையையும் ஓடைக்குக் கொண்டு போனது. ஒவ்வொன்றையும் அவளிடம் கொடுக்கும் முன்னால் வீரையா தன் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு தானே நடந்து பார்த்தார். ஒரு தடவைகூடத் தவறவில்லை. அதனால் கருவியில் பழுதில்லை, பெண்ணுக்குத்தான் மனசில் பயம் என்று முடிவு கட்டினார். "பயப்படாம நட புள்ள. நான் கண்ணக் கட்டிக்கிட்டுத்தானே ரோட்டு வரைக்கும் போயி வந்தேன்" என்று கோபப்பட்டார். திருப்பூர்க்காரர்கள் இரண்டாம் தடவையும் ஆள் அனுப்பி, பிறகு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

அப்படிக் கோபப்பட்ட ஒரு நாள், கண்ணில் கட்டிய துண்டை அவிழ்க்க வேண்டாம் என்று வனிதா அவரிடம் சொன்னாள். கையைப் பிடித்து லயத்தை ஒட்டிய ஒன்பதாம் நம்பர் மலைக்குள் கூட்டிப் போனாள். எங்கள் பக்கத்தில் தேயிலைக்காட்டை மலை என்போம். ஃபேக்டரிக்காரர்கள் அதற்குள் இறங்குவதில்லை. மெஷின் தொட்ட கைக்குக் கொழுந்துக் கூடை குறைச்சல் என்று ஒரு நினைப்பு. முப்பது வருஷம் ஒரே எஸ்டேட்டில் இருந்தும் வீரையா ஒன்பதாம் நம்பருக்குள் காலே வைத்ததில்லை. கவாத்துக்கு ஆள் இல்லாமல் செடிகள் நெஞ்சுக்கு மேல் வளர்ந்திருந்தன. மகள் அவரை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை விட்டாள். பத்து எட்டு தள்ளிப் போய் மூச்சுக் காட்டாமல் நின்றாள். வீரையா இந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்தார், செடி இடித்தது. அந்தப் பக்கம் வைத்தார், குழி. அங்கேயே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "புள்ள, நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டார்.

"எனக்கு அதாங்கப்பா. எங்க போகணும்னு தெரியும். எங்க இருக்கேன்னுதான் தெரியல" என்றாள் வனிதா. கண்ணைக் கட்டினாலும் அவருக்குள் பாதை வெளிச்சமாகக் கிடந்ததை இரண்டு பேரும் அப்போதுதான் புரிந்துகொண்டார்கள். வழி நெடுக எதையும் கட்ட வேண்டாம், தொங்கவிட வேண்டாம், ஒரே இடத்தில் ஒரே சத்தம் இருந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன் என்று அவள் சொன்னாள். ஆறு மாதம் போய்விட்டிருந்தது. இதை முதல் நாளே கேட்டிருக்கலாமே என்று வீரையா நொந்துகொண்டார். மெஷினை யாரும் கேட்டுவிட்டுப் பழுது பார்ப்பதில்லை, அந்தப் பழக்கம்தான்.

மறுநாளே ஃபேக்டரியின் சீல் வைத்த கதவுக்கு முன்னால், லாரியில் பெட்டி ஏற்றும் மேடையில், ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு சம்மட்டியால் அடிக்க ஆரம்பித்தார். காலையில் அவள் நடக்கும் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். அவள் நடந்தாள். மெதுவாக, நின்று நின்று, ஆனாலும் தனியாக நடந்தாள். "ரெண்டு அடிக்கு நடுவுல நான் இல்லாமப் போயிர்றேன்ப்பா" என்று மட்டும் சொன்னாள். அதற்காக அவர் இன்னும் வேகமாக அடித்தார். மூன்றாம் வாரம் புதன்கிழமை மாலை வலது தோள் இறங்கிவிட்டது. வியாழக்கிழமை காலை சம்மட்டியைத் தூக்கப் பார்த்தார், கை வரவில்லை. இடது கையிலும் முடியவில்லை. மகள் கிளம்பியிருப்பாள், ஒத்தப்பாறை தாண்டி பாலத்துக்குத் திரும்பும் நேரம், ஒரே மூடுபனி. கத்திக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார். நாலு ரோலரும் டிரையரும் சல்லடையும் ஒன்றாக ஓடும் சத்தம் அவர் நெஞ்சிலிருந்து கிளம்பி, பனியைத் தாண்டி, எஸ்டேட் முழுக்கப் பரவியது. பாலத்துக்கு நாலு எட்டு முன்னால் நின்றிருந்த வனிதா, இடது காதை அந்தப் பக்கம் திருப்பினாள். பிறகு முன்பு நடந்த வேகத்தில் நடந்து, பூத்தை எட்டரைக்குத் திறந்தாள்.

திருப்பூருக்கு மூட்டை கட்டியிருந்த மூன்று குடும்பம், ஃபேக்டரி திறந்துவிட்டது என்று மூட்டையை அவிழ்த்தது. இரண்டு பேர் காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்துக்கே போய்ப் பெயர் கொடுக்க நின்றார்கள். நான்கு நாள் கழித்து விஷயம் தெரிந்ததும் வீரையாவைத் திட்டிவிட்டு, திரும்ப மூட்டை கட்டி மாலை பஸ்ஸில் போனார்கள். கதவுக்குச் சீல் வைத்த அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்து, அரக்கு உடையவில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். சத்தத்துக்கு விதி எதுவும் இல்லை என்றார்கள். கூடலூர் டாக்டர் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, தன் தகப்பனாரும் டீ ஃபேக்டரியில் இருந்தவர் என்று சொல்லி, உப்பைக் குறைக்கச் சொன்னார். தேயிலைச் செடிகள்தான் முழுசாக நம்பிவிட்டன. பறிக்க ஆள் இல்லாத ஒன்பதாம் நம்பரில் தை மாதப் பனியிலும் கொழுந்து வெடித்து வந்தது.

வீரையா மேடையில் நின்றால் சத்தம் வரும், இறங்கினால் நின்றுவிடும். ஆகவே காலையிலிருந்து மாலை அவள் வீடு சேரும் வரை அங்கே நின்றார். திருப்பூர் பேச்சை விட்டுவிட்டார். பூத்துக்கு போன் செய்கிறவர்களுக்கும் பின்னணியில் அந்தச் சத்தம் கேட்டது. எட்டு மணி நேரம் தையல் மெஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவர்கள், பேசி முடித்த பிறகும் போனை வைக்காமல், "கொஞ்ச நேரம் அத வெளிய நீட்டு தாயீ" என்று கேட்பார்கள். வனிதா ரிசீவரை வாசல் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சில பேர் அந்தப் பக்கம் அழுவார்கள். அதை அவள் அவர்கள் வீட்டில் சொல்ல மாட்டாள், செய்தியை மட்டும் சொல்வாள்.

பங்குனியில் சத்தம் அவர் மேடையை விட்டு இறங்கிய பிறகும் ஓட ஆரம்பித்தது. சாப்பிடும்போது ஓடியது, தூங்கும்போது ஓடியது. சட்டையில் வேர்வை பட்ட இடமெல்லாம் டீத்தூள் நிறம் ஏறியது. விலா எலும்பின்மேல் கை வைத்தால் சுட்டது. சோறு இறங்கவில்லை. ஆள் இளைத்துக்கொண்டே போனார், சத்தம் மட்டும் இளைக்கவில்லை. ஆனி மாதம் ஒரு காலை, பாலத்துத் திருப்பத்தில் வனிதா அதற்குள் வேறொன்றைக் கேட்டாள். மூன்றாம் நம்பர் ரோலரில் ஒரு கீறல் சத்தம், ஊசியால் தகரத்தைத் தொடுவதுபோல. ஃபிட்டர் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரிங் போகிறது. அப்படியே ஓடவிட்டால் மெஷின் எத்தனை மாதம் தாங்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். தொடர்ந்து நடந்து போய் பூத்தைத் திறந்தாள்.

ஆடி மாதத்தில் சில்வஸ்டர் போன் செய்தார். ஃபேக்டரியில் வீரையாவுக்கு அடுத்த ஷிப்டு ஃபிட்டர் அவர். இப்போது திருப்பூரில் சாயப்பட்டறை பாய்லர் பார்த்தார். யாருக்கோ செய்தி சொல்ல வந்தவர், பின்னால் ஓடுவதைக் கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்தினார். அது யாருக்காகக் காத்திருக்கிறது தெரியுமா என்று கேட்டார். ஒத்தப்பாறையில் ஃபிட்டர்கள் ஷிப்டு மாற்றுவதற்கு ஒரு முறை இருந்தது. இறங்குகிறவர் கையில் எண்ணெய் துடைக்கும் நூல்கழிவு இருக்கும். ஏறுகிறவர் மெஷின் எப்படி இருக்கிறது என்று கேட்பார், இவர் உள்ளது உள்ளபடி சொல்வார், ஏறுகிறவர் அந்த நூல்கழிவை வாங்கிக்கொண்டு ஏற்றுக்கொண்டேன் என்பார். அந்த ஒரு வார்த்தை வரும் வரைக்கும் ஒண்ணுக்குப் போகக்கூட ஃபிட்டர் மெஷினை விட்டு நகர மாட்டார். மூடிய அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு சில்வஸ்டர் வந்து வாங்கியிருக்க வேண்டும். தேவாலா பஸ் ஸ்டாண்டிலேயே விஷயம் தெரிந்து, அப்படியே திரும்பிவிட்டார். "ஒங்க அப்பா இன்னும் எறங்கல பாப்பா. நான் ஞாயித்துக்கெழமை வந்து வாங்கிக்கிறேன். நின்னுரும்" என்றார்.

"வேணாங்க மாமா. அப்பா நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லி வனிதா போனை வைத்தாள்.

இதை அவள் பின்னாளில் மறைக்கவில்லை, அதனால் நாமும் மறைக்க வேண்டியதில்லை. ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. ஆறு மாதம், ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும், தகப்பனின் நெஞ்சு தேய்கிற சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு, தடுமாறாமல் நடந்து போய் வந்தாள். ஒவ்வொரு மாலையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வருவாள். நாற்பது வீடு வாசலில் நிற்கும். செய்தி சொல்லி முடித்து வீட்டுக்குள் வந்தால், "இன்னிக்கு எப்புடி புள்ள, சத்தம் பாலத்துக்கிட்ட சரியா கேட்டுச்சா?" என்று அவர் ஆசையாகக் கேட்பார். ஆறு மாதம் கருவி செய்து தோற்ற மனுஷனுக்கு, வேலை செய்கிற ஒன்றைச் செய்துவிட்ட பெருமை அதில் இருக்கும். கேட்டுச்சுப்பா என்பாள். பிறகு அவர் தூங்கியதும் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுவாள். பாவம்தான். யார் பாவம் என்று கேட்டால் இன்றுவரை எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மார்கழிக் கடைசியில் வீரையாவால் நிற்க முடியாமல் போனது. கருப்பம்மாவும் அவள் மருமகளும் நாற்காலியோடு தூக்கிப் போய் மேடையில் வைத்தார்கள். மனுஷனுக்குக் கனமே இல்லை, ஆனால் நாற்காலி அதிர்ந்த அதிர்வில் கை மரத்துப்போனது என்று கருப்பம்மா சொன்னாள். தை ஏழாம் நாள் வனிதா பூத்தை மத்தியானமே பூட்டினாள். அப்பாவின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, ரோட்டுக்கும் வீட்டுக்கும் போகாமல், நேராக மேட்டில் ஏறினாள். அந்தச் சத்தத்தின் பக்கத்தில் அவள் போனது அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமும் அதை ஒரு பக்கமாக வைத்துக் கடந்து போனவள்தானே. மேடையில் ஏறி, நாற்காலியைத் தொட்டு, அவர் முன்னால் நின்றாள். மணி இரண்டு. கருப்பம்மா பக்கத்தில் இருந்தாள்.

"மெஷின் எப்புடி இருக்குங்கப்பா?" என்று வனிதா கேட்டாள்.

வீரையா அவளை நிமிர்ந்து பார்த்தார். மடியில் நூல்கழிவு ஒரு பிடி இருந்தது, அது எப்போதும் இருக்கும். உள்ளது உள்ளபடிதான் சொல்ல வேண்டும், அது முறை. "மத்ததெல்லாம் பரவாயில்ல. மூணாம் நம்பர் பேரிங் போயிருச்சு. ஆனியில இருந்து" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒனக்கு அது தெரியும்னு எனக்குத் தெரியும் புள்ள" என்றார்.

வனிதா அழுதாள். அழுதுகொண்டே கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. "நாளைக்கு எப்புடிப் போவ?" என்று கேட்டார்.

"அது இனிமே என் ஷிப்டு. ஏத்துக்கிட்டேன். நீங்க எறங்குங்கப்பா."

அவர் விரல்களைப் பிரித்து அவளே நூல்கழிவை எடுத்துக்கொண்டாள். முதலில் சல்லடை நின்றது. பிறகு டிரையர் காற்றாடி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. ஒன்று, இரண்டு, நான்கு என்று ரோலர்கள் நின்றன. மூன்றாம் நம்பர் மட்டும் கொஞ்ச நேரம் கீறிக்கொண்டே ஓடி, அதுவும் நின்றது. அதன் பிறகு இருபது நிமிஷம் வீரையா உயிரோடு இருந்தார். பத்து மாதத்துக்கு அப்புறம் அப்பாவின் மூச்சு மூச்சாகவே கேட்டது என்று வனிதா சொன்னாள். லேசாகச் சளி கட்டிய, சாதாரண மூச்சு. அதை அவள் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அது இல்லை. கருப்பம்மா அவளைக் கைபிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

லயத்துக்குக் கீழே உள்ள மயானத்தில், சுப்பம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். காரியத்துக்கு வந்த சில்வஸ்டரிடம் வனிதா எல்லாவற்றையும் தானாகவே சொன்னாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே வந்திருப்பேனே என்றார். அதனால்தான் சொல்லவில்லை என்றாள். அவர் அதற்குமேல் எதுவும் கேட்காமல் பஸ் ஏறினார். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி நான்கு மாதம் பூத் பூட்டிக் கிடந்தது. கருப்பம்மா கூட்டிப் போக வந்தாள், வனிதா போகவில்லை. கதவுக்கு வெளியே திண்டில் உட்கார்ந்திருப்பாள். இப்போதெல்லாம் அவளைப் பார்த்தால்தான் கண் தெரியாதவள் என்று ஜனங்களுக்குத் தோன்றியது. திருப்பூர் செய்திகள் வராமல் நாற்பது வீட்டில் பதினொரு வீடு காலியானது. பச்சை இலை நாலே காலுக்கு வந்தது.

எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை அந்த வருஷம் நான்கு நாள் தாமதம். பெய்ய ஆரம்பித்ததும் வழக்கம்போல் விடாமல் பெய்தது. லயத்துத் தகரத்தில், தேயிலை இலையில், ரோட்டில், ஓடையில், பாறையில் மழை விழும் சத்தம் தனித்தனியாகவும் ஒன்றாகவும் எஸ்டேட்டை நிறைத்தது. இரண்டாம் நாள் காலை, திண்டில் உட்கார்ந்திருந்த வனிதா தலையை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். கருப்பம்மாவைக் கூப்பிட்டு, ஃபேக்டரி மேடைவரை போய், அங்கே மழை பெய்கிறதா என்று பார்த்து வரச் சொன்னாள். கருப்பம்மா கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். மேடையில் மழை பெய்தது. துளிகள் தகரத்தில் விழுந்து தெறித்தன, தண்ணீர் வழிந்து ஓடியது, சத்தம் மட்டும் இல்லை. கருப்பம்மா இருமிப் பார்த்தாள், இருமல் கேட்கவில்லை. அண்ணே என்று கூப்பிட்டாள், அதுவும் கேட்கவில்லை. மேடையை விட்டு இறங்கியதும் மழைச்சத்தம் காதில் வந்து அறைந்தது. திரும்பி வந்து, பெய்யுது புள்ள, ஆனா சத்தம் வரல என்று சொல்லிவிட்டு, நனைந்த சேலையை மாற்றி அடுப்பைப் பற்றவைத்தாள். இப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மழை இல்லாத மாதங்களில் சில்வண்டு எஸ்டேட் முழுக்கக் கத்தும், அங்கே மட்டும் கத்தாது. மேடைப் பக்கம் மாடு ஓட்டிப் போகிறவர்கள், மணிச்சத்தம் நின்றதும் மேடை வந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறார்கள்.

மறுநாள் காலை வனிதா தலைக்குக் குளித்து, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கருப்பம்மா பின்னாலேயே வந்ததை அவள் அறிந்து, போங்கத்தை என்று அனுப்பிவிட்டாள். எட்டு நாற்பதுக்குப் பூத்தைத் திறந்து போனைத் துடைத்து வைத்தாள். பத்து மணிக்கு முதல் போன் வந்தது, சில்வஸ்டர். நான்கு மாதமாக தினம் ஒரு தடவை அவர் அந்த நம்பரை அடித்துப் பார்த்திருக்கிறார். மறுமுனையில் குரல் கேட்டதும், யார் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்று கேட்டார். தனியாகத்தான் வந்தேன் என்றாள். சத்தம்தான் இல்லையே பாப்பா, எப்படி வந்தாய் என்று கேட்டார்.

"அப்பா இல்லாதது கேக்குதுங்க மாமா. அதப் புடிச்சிக்கிட்டு வந்துட்டேன்" என்றாள்.

சில்வஸ்டர் மூன்றாம் லயத்தில் ஒரு வீட்டுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார்: மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, கவலைப்பட வேண்டாம். அன்று மாலை மழையில் நடந்து போய் வனிதா அதைச் சொன்னாள்.